மூணு நாளைக்கு மேல விருந்தாளி தங்கினா மார்க்கத்துல என்ன சொல்லிருக்கு?

மண்ணடிக்காரி:
அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுக்காரரோட சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வேலை தேடி சென்னைக்கு வந்து எங்க வீட்லதான் இருக்கான், வாரக்கணக்கா ஆச்சு, ஒரே ஒரு பெட்ரூம் வீடு, பையன் நல்லவன்தான் ஆனா நான் கிச்சனுக்குப் போகணும்னாகூட முக்காட்டோடதான் போகணும். எப்ப கிளம்புவான்னு கேட்டா இவரு, விருந்தாளி வந்தா பரக்கத் (இறையருள்), முகம் சுளிச்சா குத்தம்ங்குறாரு. நிஜமாவே குத்தமா?

காயல் காக்கா:
வ அலைக்கும் ஸலாம்மா. "அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புறவர் விருந்தாளியை கண்ணியப்படுத்தட்டும்"ங்கிறதோட நம்மாளுங்க நிறுத்திக்குவாங்க. அபூ ஷுரைஹ் (ரலி) அறிவிக்கிற, புகாரி தொகுப்புல உள்ள ஹதீஸ்ல (நபிமொழில) மிச்சமும் இருக்கு: ஒரு பகல் ஒரு ராத்திரி ஸ்பெஷலா கவனிக்கணும், விருந்து மூணு நாள், அதுக்கு மேல செய்றது சதக்கா (தர்மம்), வீட்டுக்காரங்களுக்கு கஷ்டம் வர்ற அளவுக்கு தங்குறது விருந்தாளிக்கு ஆகாது. வந்தவனுக்கும் சேர்த்துத்தான் சட்டம்.

உம்மு ஹனா:
இந்த ஆம்பளைங்க எப்பவும் அன்சாரி ஸஹாபி (மதீனாவச் சேர்ந்த நபித்தோழர்) கதையத்தான் எடுப்பாங்க, புள்ளைங்கள தூங்க வச்சு விளக்க அணைச்சு தாங்களும் சாப்பிடுற மாதிரி காட்டிக்கிட்டு இருந்த சாப்பாட்ட விருந்தாளிக்கே கொடுத்தாங்கன்னு. மாஷா அல்லாஹ், பெரிய விஷயம்தான், ஆனா அது ஒரு ராத்திரி! குர்ஆன்ல 33:53 வசனத்த எடுத்துப் படிங்க. நபியவங்க ஸைனப் (ரலி) அவங்கள கல்யாணம் பண்ணினப்போ வச்ச வலீமா விருந்துல சிலர் சாப்பிட்டு முடிச்சும் பேசிக்கிட்டே உக்காந்திருந்தாங்க, ரசூலுல்லாஹ் (ஸல்) எந்திரிச்சு வெளிய போயிட்டு வந்தும் அசையல, போங்கன்னு சொல்லவும் நபியவங்களுக்கு கூச்சம். அப்பதான் சாப்பிட்டதும் கலைஞ்சு போங்கன்னு ஆயத்தே இறங்குச்சு. நபியவங்களுக்கே சங்கடமா இருந்திருக்கு, உங்களுக்கு இருந்தா குத்தமா?

பழைய மேன்ஷன்:
எல்லாம் சரி, ஆனா வேலை தேடி வந்த சொந்தக்காரப் பையன வெறும் விருந்தாளி கணக்குல வைக்க முடியாது, உறவப் பேணுறதும் கடமைதானே. நானும் ஒரு காலத்துல மாமா வீட்டு ஹால்ல பாய விரிச்சுக் கிடந்தவன்தான், வீட்டுப் பொம்பளைங்களுக்கு எவ்வளவு தொந்தரவுன்னு அந்த வயசுல தோணவே தோணாது. கிளம்புன்னு சொல்லாம திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரு பெட் பார்த்து, முதல் மாச வாடகைய உங்க வீட்டுக்காரரையே கட்டச் சொல்லுங்க, சதக்காவும் ஆச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ அன்னைக்கு சாப்பாட்டுக்கு கூப்பிட்டா போதும்.

மண்ணடிக்காரி:
எல்லாருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரன். ஹதீஸ ஸ்கிரீன்ஷாட் எடுத்து இவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதிலத்தான் காணோம். மேன்ஷன்ல இப்ப ஒரு பெட்டுக்கு எவ்வளவு கேக்குறாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.