பட்டையில் மண், வாசக்காலில் மண்: ரெண்டும் ஒரே கரையானா?

வேணி, பன்னேர்கட்டா ரோடு
எங்க லேஅவுட்டுல சில்வர் ஓக் மரங்கள்ல ஆள் உயரத்துக்கு மண் பூசினாப்ல கரையான் ஏறியிருக்கு. தரைத்தள வீட்டு வாசக்கால்லயும் மண் கோடு. மரத்துக்கும் சேர்த்து மருந்து அடிக்கணுமா?

காட்டுப்பூச்சி
மண்ணைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதைக் கொஞ்சம் உடைச்சு, ஓடிவர்ற சிப்பாய்க் கரையானை (கூட்டைக் காவல் காக்கிறது) வெள்ளைத்தாள்ல தட்டி, பத்து மடங்கு லென்ஸ்ல தலையைப் பாருங்க. இடது தாடை உள்விளிம்புல ஒரு பல் இருந்தா ஓடன்டோடெர்மஸ்; பெங்களூர்ல புற்று கட்டுற ஒபேசஸ் இந்தப் பேரினம்தான். தாடை பல்லில்லாம அரிவாளா வளைஞ்சு, நெற்றித் துளையில பால் சொட்டு வந்தா காப்டோடெர்மஸ். நம்ம நாட்டுல அதுல பரவலானது ஹைமி.

மண்வாசி
முக்கியமான வித்தியாசம் வயித்துல. ஹைமியோட குடல்ல இருக்கிற ஓரணு உயிரிகளே மரத்தைச் செரிச்சுடும். ஒபேசஸுக்கு அந்த வசதி இல்ல. புற்றுக்குள்ள காளான் தோட்டம் போட்டுத்தான் மரத்தூளைப் பக்குவப்படுத்தணும். அதனால மண்ணை விட்டு அது பிரிய முடியாது. ஹைமிக்குச் சுவத்துல குழாய் கசிஞ்சாலே போதும், மாடியிலகூட அட்டை மாதிரி கூடு கட்டிக்கும். ஒபேசஸ் பெரும்பாலும் காய்ஞ்ச பட்டையைத்தான் தின்னும், உயிருள்ள மரத்துக்கு அவசரமா மருந்து வேண்டாம். மண்ணைத் துடைப்பத்தால தட்டி, உள்பட்டை பச்சையா இருக்கான்னு மட்டும் பாருங்க.

வேணி
வாசக்கால்ல பிடிச்சதுக்குப் பால் சொட்டு வந்துச்சு.

காட்டுப்பூச்சி
அப்போ முதல்ல கசிவைத் தேடுங்க: பாத்ரூம் சுவர், ஏசி தண்ணிக் குழாய். ஈரம் இருக்கிற வரைக்கும் தரையில மட்டும் மருந்து விட்டா, மேல இருக்கிற கூடு தப்பிச்சிடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால கட்டையைத் தட்டிப் பாருங்க, பொத்துன்னு கேட்கிற இடத்தைத் திறந்து கூட்டை முழுசா எடுக்கணும். அப்புறம் சுவரும் தரையும் சேர்ற இடத்துல 12 மிமீ துளை, 30 செமீக்கு ஒண்ணு. அதுல விட வேண்டியது இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்சி (தண்ணியில கலக்கிற 30.5 சதவீத திரவ மருந்து), லிட்டர் தண்ணிக்கு 2.1 மிலி, துளைக்கு ஒரு லிட்டருக்கு மேல வேண்டாம். கோட்டு மேல ஸ்ப்ரே அடிச்சா அங்க இருக்கிறது மட்டும்தான் சாகும், மத்தது வேற வழி போட்டுக்கும்.

மண்வாசி
துளை போடறதுக்கு முன்னாடி சம்ப் (தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி) எங்க இருக்குன்னு கேட்டுக்கோங்க. அதன் சுவரை ஒட்டி மருந்து விடவே கூடாது.