தொலைதூரச் சிற்றூர்களில் மலேரியா சிகிச்சை: வாரமொரு வாகனமா, ஊரிலேயே ஒரு பணியாளரா?

ஆற்றோரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டுவிடும் சில சிற்றூர்களில் மலேரியா சிகிச்சை எளிதில் கிடைக்கும்படி ஒரு திட்டம் வகுக்கும் பணியில் எங்கள் தன்னார்வக் குழு ஈடுபட்டுள்ளது. அரசு சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. மருந்தும் அங்கே இலவசம்தான். ஆயினும் காய்ச்சல் கண்டு மூன்று நான்கு நாள் கழிந்த பிறகே நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். அதற்குள் கடையில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கியிருக்கிறார்கள். மருத்துவரும் செவிலியரும் வாரம் ஒருமுறை வாகனத்தில் ஊர் ஊராகச் செல்வதே சரி என்று குழுவில் ஒரு சாரார் கூறுகின்றனர். ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, பரிசோதனைப் பட்டையையும் மருந்தையும் அவரிடமே ஒப்படைக்கலாம் என்பது மற்றவர்களின் கருத்து. மருத்துவம் படிக்காத ஒருவரிடம் இப்பொறுப்பைக் கொடுப்பது பாதுகாப்பானதா என்ற தயக்கம் எனக்கு உண்டு. களத்தில் பணியாற்றியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பொதுநல மருத்துவர் எழுதியது:

தயக்கம் நியாயமானதே. ஆனால் நோயின் வேகத்தை முதலில் கணக்கில் எடுங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா, சிகிச்சை கிடைக்காத நிலையில், குறிப்பாகச் சிறு குழந்தைகளில், 24 மணி நேரத்துக்குள்கூடக் கடுமையான நிலைக்குச் சென்றுவிடக்கூடும். செவ்வாய்க்கிழமை வந்து திரும்பும் வாகனத்தால் புதன்கிழமை காய்ச்சல் காணும் குழந்தைக்குப் பயனில்லை. வாகனத்தை எத்தனை நல்ல மருத்துவர்களைக் கொண்டு நிரப்பினாலும் இந்த இடைவெளி மாறாது.

படிக்காதவர் கையில் மருந்தா என்ற கேள்விக்கு எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் நடந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஆய்வு ஒரு நல்ல விடை. அங்கே ஊர்த் தாய்மார்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வழியாக மற்றத் தாய்மார்கள் வீட்டிலேயே மலேரியா மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஊர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு 40 விழுக்காடு குறைந்தது. அன்று அவர்களிடம் இருந்தது குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து. பரிசோதனைப் பட்டை எதுவும் கிடையாது. இன்றைய நிலைமை அதைவிட மேலானது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு காய்ச்சலையும் பரிசோதனையால் உறுதிசெய்த பின்னரே மலேரியா மருந்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் பட்டை 15 முதல் 20 நிமிடங்களில் முடிவைக் காட்டிவிடும். நன்கு பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம்.

ஃபால்சிபாரத்துக்கு வழங்கும் ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்து எடைக்கேற்ற பொதிகளாகவே வருகிறது. மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்புள்ள உணவுடனோ பாலுடனோ உட்கொண்டால்தான் லூமிஃபான்ட்ரின் உடலில் நன்றாகச் சேரும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் மிச்ச மாத்திரைகளை அடுத்த குழந்தைக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே செலவிடலாம் என்பேன்.

பட்டையில் மலேரியா இல்லை என்று வந்தால் பணியாளர் என்ன செய்வார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். காய்ச்சலுடன் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். மலேரியாவோடு நிமோனியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஊர்ப் பணியாளரே குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2012இல் கூட்டாக அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாகனம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்றிதழ் பெற்றதில் நடமாடும் மலேரியா மருத்துவ அணிகளுக்கும் பங்குண்டு. பணியாளரை மேற்பார்வையிடவும் இருப்பை நிரப்பவும் வாகனம் போகட்டும்.

மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்ன அனைத்தும் மருந்து கையிருப்பில் இருக்கும்வரைதான் செல்லும். பணியாளரிடம் இரண்டு முறை போய் இரண்டு முறையும் "தீர்ந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்ட குடும்பம் மூன்றாம் முறை நேரே கடைக்குத்தான் போகும். தான்சானியாவில் 2009இல் மூன்று மாவட்டங்களில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்தார்கள்: ஒவ்வொரு சுகாதார நிலையமும் வாரந்தோறும் தன் மருந்து இருப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும், அனுப்பியவருக்குக் கைப்பேசிக் கட்டணம் ஈடுசெய்யப்படும். தொடக்கத்தில் 78 விழுக்காடு நிலையங்களில் மலேரியா மருந்துகளில் ஏதேனும் ஒரு வகையாவது இல்லாமல் இருந்தது. 21 வாரங்களில் அது 26 விழுக்காடாகக் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

உங்கள் ஊர்களில் சாலை துண்டிக்கப்படும் என்கிறீர்கள். அப்படியானால் மாதாந்திர வழங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மழை தொடங்குமுன்பே பருவம் முழுவதற்குமான பட்டைகளும் பொதிகளும் ஊருக்குள் போய்விட வேண்டும். பட்டைகளின் கணக்கையும் மருந்தின் கணக்கையும் தனித்தனியே வைத்திருங்கள். ஃபால்சிபாரத்தைக் கண்டறியும் பெரும்பாலான பட்டைகள் தேடும் புரதம், நோய் குணமான பிறகும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும். அண்மையில் சிகிச்சை பெற்றவருக்குப் பட்டை மீண்டும் நோய் இருப்பதாகக் காட்டினால் உடனே மருந்து கொடுத்துவிடாமல், பதிவேட்டைப் பார்த்து மேற்பார்வையாளரிடம் கேட்கப் பணியாளருக்குச் சொல்லிவையுங்கள்.

எல்லைக்கல் எழுதியது:

கடையை எல்லோரும் வில்லனாகவே பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரவிலும் திறந்திருப்பது கடை, தெரிந்த முகம் இருப்பதும் கடையில்தான். ஆகவே மக்கள் அங்கே போகிறார்கள். 2010இல் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் கூட்டு மருந்துக்கு மானியம் தந்து தனியார் கடைகள் வழியாகவும் விற்கச் செய்தபோது, பெரும்பாலான இடங்களில் மருந்து கிடைப்பது கூடியது, விலையும் இறங்கியது. ஊர்க்கடைக்காரருக்கே பயிற்சி கொடுத்தால் என்ன?

பொதுநல மருத்துவர் எழுதியது:

கொடுக்கலாம், பட்டையும் சேர்த்துக் கொடுத்தால். பரிசோதனையின்றி விற்றபோது மலேரியா இல்லாத காய்ச்சல்காரர்களும் அம்மருந்தை வாங்கிச் சென்றார்கள். உண்மையான நோய் கண்டறியப்படாமல் போயிற்று. விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ளவர், "உங்களுக்கு மலேரியா இல்லை, மருந்து வேண்டாம்" என்று சொல்வதற்கு என்ன ஊக்கம் வைத்திருக்கிறீர்கள் என்பதே கேள்வி.

ஆற்றோரன் எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஊர்ப் பணியாளர் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு கவலை: வலிப்பு வந்த, அல்லது எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிற குழந்தையை அவர் என்ன செய்வார்? ஆறு பெருகியிருக்கும் நாளில் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே பல மணி நேரமாகும்.

பொதுநல மருத்துவர் எழுதியது:

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆசனவாய் வழியாக ஆர்ட்டீசுனேட் மருந்தை ஒருமுறை வைத்துவிட்டு உடனே அனுப்ப வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. ஆனால் 2018 முதல் 2020 வரை காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் இம்மருந்தைப் பரவலாக வழங்கிப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடி இறப்பு குறையவில்லை. பல குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று சேரவில்லை; சேர்ந்தவர்களிலும் பலருக்கு ஊசி மருந்தும் அதன்பின் மூன்று நாள் கூட்டு மருந்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மருந்து நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. சாம்பியாவின் செரஞ்சே மாவட்டத்தில் இம்மருந்தோடு மிதிவண்டி ஆம்புலன்சுகளையும் ஊர்களிலேயே ஏற்பாடு செய்தார்கள். கடும் மலேரியாவால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே பெரிதும் குறைந்தது. உங்களுக்கு அது படகாக இருக்கலாம். யார் ஓட்டுவது, செலவை யார் ஏற்பது, இரவில் யாரை எழுப்புவது என்பவற்றை மழைக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

முன்னாள் ஊர்ப் பணியாளர் எழுதியது:

இதுவரை ஊதியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர் முதல் பருவம் உற்சாகமாக உழைப்பார். அடுத்த பருவத்தில் வயல் வேலையா காய்ச்சல் வேலையா என்று வரும்போது வயலுக்குத்தான் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப் பணியாளர்களுக்கு ஊதியம் வழங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. மேலும், மக்கள் தேடி வரட்டும் என்று பணியாளர் வீட்டில் காத்திருக்க வேண்டாம். செனகலில் மலேரியாப் பருவத்தில் பணியாளர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். பருவத்தின் முடிவில், அப்படிச் செய்த ஊர்களில் அறிகுறியோடு நோயுற்றிருந்தவர்கள் மற்ற ஊர்களைவிட மிகக் குறைவாகவே இருந்தனர்.

ஆற்றோரன் அவர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பகுதியில் வைவாக்ஸ் வகை மலேரியாவும் பரவலாக உள்ளதா? இருந்தால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காகப் பிரைமாகுயின் தர வேண்டியிருக்கும். வழக்கமான முறையில் அது 14 நாள் மருந்து. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருப்பதால், அந்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நோயின் வகைவாரிக் கணக்கு சுகாதார நிலையப் பதிவேட்டிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.