அலர்ட் ஃபடீக்: ‘எச்சரிக்கைச் சடைவு’ எனலாமா?

> ‘எச்சரிக்கைச் சோர்வு’ போதுமே. எல்லாருக்கும் புரியும்.

அண்ணாச்சி, வணக்கம்.

கணினி காட்டுகிற எச்சரிக்கைகள் அளவுமீறி வந்து, கடைசியில் வாசிக்காமலே தள்ளிவிடுகிற நிலைதான் அலர்ட் ஃபடீக். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘எச்சரிக்கைச் சோர்வு’ போதும் என்கிறீர்கள். புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். சோர்வு தூங்கி எழுந்தால் போய்விடும். மருந்தகக் கணினி முன்னால் காலையில் தெளிவாக வந்து உட்கார்ந்தவருக்கும் பத்தாவது மருந்துச் சீட்டிலேயே இது தொடங்கிவிடுகிறது.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கிற மருந்தகத்தில் தினமும் பார்ப்பதுதான். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒரே சீட்டில் இருந்தால் மஞ்சள் கட்டம் எழும்பும். இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொன்னால் தீர்ந்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற வார்ஃபரினோடு, கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்தாலும் அதே மஞ்சள் கட்டம், அதே எழுத்து. இதுவோ ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடக்கூடியது. முதலாவதை நாளெல்லாம் தள்ளிப் பழகின விரல், இரண்டாவதையும் வாசிக்காமலே ‘சரி’யை அமுக்கிவிடும்.

2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை பொருட்படுத்தாமல் தாண்டப்பட்டதாக இருக்கிறது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் 16 வயதுப் பையனுக்கு 1 கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்குப் பதிலாக 38½ போனது. மொத்தம் இத்தனை மில்லிகிராம் என்று நினைத்து மருத்துவர் தட்டிய 160-ஐ, உடல் எடையில் கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்று கணினி எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை மருத்துவருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் தாண்டினார்கள். கடைசியில் செவிலியர் பார்கோடை வருடினால், 38½ சரிதான் என்றது கணினி. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

‘சலிப்பு’ வேண்டாம், ஊழியர் மேல் பழி போடும். நம் பக்கத்துச் ‘சடைவு’ இதற்கென்றே இருக்கிறது. ‘ஒரே சடவா இருக்கு’ என்கிறபோது உடம்பு அசதியோடு, ஒன்றையே செய்து செய்து மனம் விட்டுப்போனதையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? சடைய வைத்தது எது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மென்பொருளை வடிவமைத்தவர்கள்.

—

தம்பி,

தஞ்சாவூர்க்காரருக்குப் புரியுமா என்றுதான் தயங்கினேன். எடுத்துக்காட்டோடு பார்த்தால் சரியாகப் படுகிறது. எழுத்தில் ‘சடவு’ வேண்டாம், ‘சடைவு’ என்றே போடுவோம். விளக்கத்தில் ‘தேவையற்ற எச்சரிக்கைகளின் மிகுதியால் வருவது’ என்று கட்டாயம் இருக்கணும்.

நீங்க போகிறபோக்கில் எழுதின ‘தாண்டல்’ நல்ல சொல். எச்சரிக்கையை மீறி மேலே போகிற ஓவர்ரைடுக்கு அதையே தனிப் பதிவாக்கலாம். மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கிற மருந்து. அதைத் தினமும் என்று எழுதினால் மேலே போகவே விடாமல் நிறுத்துகிற ஏற்பாடு உண்டே, ஹார்டு ஸ்டாப், அதற்குத் ‘தாண்டாத் தடை’ சரிவருமா?