டிப்ஸ் (TIPS, கல்லீரலுக்குள்ள வைக்கிற ஸ்டென்ட்) வச்ச பிறகு வந்த அபூர்வமான சிக்கல்கள்: பார்த்தவங்க சொல்லுங்க

கயல்:
அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போறது. ரத்த வாந்தி அடங்காம டிப்ஸ் வச்சாங்க. கழுத்து வழியா போய், கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையையும் (குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டு வர்றது) கல்லீரல் சிரையையும் (கல்லீரல்ல இருந்து ரத்தத்தை வெளியே கொண்டு போறது) ஸ்டென்ட்டால, அதாவது சின்ன வலைக் குழாயால, இணைக்கிறது. ரத்தம் நின்னுடுச்சு. ரத்தத்துல அமோனியா மாதிரி கழிவு ஏறி மனக்குழப்பம் வரலாம், லாக்டுலோஸை (கழிவை மலத்தோட வெளியேத்துற மருந்து) விடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க, வந்தது, தெளிஞ்சது. கால் விறைக்கும்னு மட்டும் யாரும் சொல்லல.

சில மாசத்துல நடையே மாறிடுச்சு. செருப்போட முன்பக்கம் மட்டும் தேஞ்சுது. படி இறங்கினா முழங்கால் மடங்காது. பேச்சு தெளிவு, தொட்டா உணர்வு இருக்கு, சிறுநீர்ப் பிரச்சினை இல்ல. ரிஃபாக்சிமின்ங்கிற குடல் ஆன்டிபயாடிக் சேர்த்ததும் அமோனியா குறைஞ்சது, கால் அப்படியேதான். எம்.ஆர்.ஐ.ல தண்டுவடத்துல அழுத்தம் எதுவும் இல்ல. பி12, தாமிரம் எல்லாம் பார்த்துட்டு நரம்பியல் டாக்டர்தான் ஹெபாட்டிக் மைலோபதின்னார், அதாவது கல்லீரல் நோயால தண்டுவடம் பாதிக்கிறது. சீக்கிரமே கல்லீரல் மாற்று செஞ்சா கால் தேற வாய்ப்பு இருக்காம். பட்டியல்ல பேர் கொடுத்திருக்கோம்.

வார்டு நர்ஸ்:
நான் பார்த்தது ரத்தச் சிதைவு. டிப்ஸ் முடிஞ்சு கொஞ்ச நாள்ல கண்ணு மஞ்சளாச்சு, ஹீமோகுளோபின் இறங்கிட்டே போச்சு. கல்லீரலே போச்சுன்னு வீட்ல ஒரே அழுகை. ஆனா மலம் கறுக்கல, அதனால உள்ள ரத்தக்கசிவு மாதிரி தெரியல; ரெட்டிகுலோசைட் (புதுசா உருவாகுற இளம் சிவப்பணு) எகிறியிருந்தது. உறையில்லாத ஸ்டென்ட்டோட கம்பி வலையில மோதி சிவப்பணு உடையுது. வலை மேல உள்தோல் படர்ந்ததும் சில வாரத்துல தானா அடங்கிடுச்சு. உறை போட்ட ஸ்டென்ட் வந்தப்புறம் இது ரொம்பக் குறைவு.

முத்து:
எங்க மாமாவுக்கு வயித்துத் தண்ணிக்காக வச்சாங்க. தண்ணி வத்த வத்த எல்லாருக்கும் சந்தோஷம். ரொம்ப நாளா இருந்த தொப்புள் ஹெர்னியா, தண்ணி குறைஞ்சதும் குடலைக் கவ்விக்கிச்சு. அழுத்தினா உள்ள போகல, வாந்தி, தாங்க முடியாத வலி. ராத்திரியே ஆபரேஷன். ஹெர்னியா இருக்கிறவங்க டிப்ஸுக்கு முன்னாடியே சர்ஜன்கிட்ட காட்டிடுங்க. இதை எங்களுக்கு யாரும் சொல்லல, இன்னும் கோபம்தான்.

கயல்:
கால் விறைப்புக்காக, கல்லீரலைத் தாண்டிப் போற ரத்தத்தைக் குறைக்க ஸ்டென்ட்டைச் சுருக்கினவங்க யாராவது இருக்கீங்களா? எங்க டாக்டர், மறுபடி ரத்தம் கசியும்னு தயங்குறார்.

செந்தில்:
அண்ணனுக்குச் சுருக்கினாங்க. விறைப்பு அதுக்கு மேல ஏறல. ஆனா வாக்கரை விட முடியல. எண்டோஸ்கோப்பிக்கு மட்டும் தவறாம கூட்டிட்டுப் போறோம்.