மறு: ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ் – ‘மணற்பெட்டி’ வேண்டாமே

[போர்ட் லூயியிலிருந்து]
அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்’ என்பதற்குத் தமிழாக ‘ஒழுங்குமுறை மணற்பெட்டி’ என்று ஏறியிருக்கிறது. எடுத்துவிடலாம். மொரீசியசில் இந்தப் பெயரிலான உரிமம் 2016-இல் வந்தது. பிறகு இதைத் தரும் பொறுப்பு பொருளாதார வளர்ச்சி வாரியத்துக்கு வந்தது. ஒரு புதுத் தொழிலுக்குச் சட்டமே இல்லை, அல்லது இருக்கும் சட்டம் பொருந்தவில்லை என்றால், நிபந்தனை போட்டு, காலம் குறித்து நடத்திப் பார்க்க விடுகிறார்கள். இதில் மணல் எங்கே, பெட்டி எங்கே? தேருக்கும் கப்பலுக்கும் விடுகிற வெள்ளோட்டம் கைவசம் இருக்கிறதே. வெள்ளோட்ட உரிமம் என்கிறேன்.

[டர்பனிலிருந்து]
ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலி விட்டுப்போகிறது. எத்தனை வாடிக்கையாளர், ஆளுக்கு எவ்வளவு தொகை, எத்தனை மாதம், அவர்கள் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா – இந்த வரம்புகள்தான் திட்டத்தின் உயிர். இங்கே தென்னாப்பிரிக்காவில் ரிசர்வ் வங்கி, கருவூலம், வரித்துறை முதலிய அமைப்புகளின் கூட்டுக் குழு 2020-இல் தொடங்கியதும் வரம்போடுதான். இன்னொன்று: ‘உரிமம்’ என்று கண்டதும் அரசே உத்தரவாதம் கொடுத்துவிட்டதாக மக்கள் நினைப்பார்கள், நிறுவனங்களும் அப்படியே விளம்பரம் செய்யும். ‘வரம்புச் சோதனை அனுமதி’ போதாதா?

[போர்ட் லூயியிலிருந்து]
நிதிச் செய்தியில் ‘சோதனை’ என்று போட்டால் வருமான வரிக்காரர் கதவைத் தட்டியதாகத்தான் படிப்பார்கள்! ‘முன்னோடித் திட்டம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் அரசு தன் காசில் தானே நடத்துவது. இங்கே நடத்துவது தனியார், அரசு தளர்த்துவது விதியை.

வரம்பு வேண்டும் என்பது சரி, சேர்த்துக்கொள்வோம். ‘உரிமம்’ மட்டும் இருக்கட்டும். எங்கள் சட்டத்தில் அது உரிமமேதான். வெள்ளோட்டம் முடிந்து சட்டம் வராவிட்டால் நிறுவனம் அந்தரத்தில் நிற்கும் என்பதையும் விளக்கத்தில் எழுதவேண்டும். ஆளுக்கு ஆள் நேரே கடன் கொடுக்கும் தளங்கள் இங்கே முதலில் இந்த உரிமத்தில்தான் ஓடின. 2020-இல் நிதிச் சேவை ஆணையம் தனி விதிகள் கொண்டுவந்தது. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளுக்கு 2021-இல் சட்டமே வந்துவிட்டது.

[டர்பனிலிருந்து]
சரி, ‘சோதனை’யை விட்டுவிடுகிறேன். திட்டத்துக்கு ‘வரம்பு வெள்ளோட்டம்’. ஆவணத்துக்கு அந்தந்த நாட்டு வழக்கப்படி ‘உரிமம்’ அல்லது ‘அனுமதி’. ‘விதி வெள்ளோட்டம்’ என்று தனி மடலில் வந்த யோசனை வேண்டாம், தலைவிதி நினைவுக்கு வருகிறது.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும் ‘எக்ஸிட் பிளான்’ பாக்கி. ‘கரையேற்றம்’ என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகிவிடும். அந்தத் தாளோ முக்கியமாகக் கடையை மூட நேர்ந்தால் பணத்தை யார், எத்தனை நாளில் திருப்புவது, நடப்பு ஒப்பந்தங்களை யார் ஏற்பது, வாடிக்கையாளர் தரவை எப்போது அழிப்பது என்று சொல்வது. ‘முடிப்புத் திட்டம்’ என்று போடுகிறேன். மறுப்பு இருந்தால் பட்டியல் பூட்டப்படும் முன் எழுதுங்கள்.