கடலூரிலிருந்து வேலை: மறுபடி சென்னைக்குக் குடிபோகணுமா?

மஞ்சக்குப்பத்தான்:
2020 மார்ச் ஊரடங்கில் ஒரே பையோடு வீட்டுக்கு வந்தவன். அன்றிலிருந்து மாடி ரூம்தான் ஆபீஸ். இப்போது வாரத்தில் மூன்று நாள் சென்னை சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு வந்தே ஆகணும் என்று மெயில். அம்மாவுக்குச் சுகர், தனியாக விட மனசில்லை. அங்கே வீடு எடுப்பதா, மூன்று நாள் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்கி ஈசிஆர் பஸ்ஸில் திரும்புவதா? மாமா வேறு, "நீங்கள்லாம் வந்துதான் ஊர்ல வாடகை ஏறிப்போச்சு" என்கிறார். நிஜமா?

கெடிலக்கரை:
பிஜி போதும். வாடகை வீடே எடுத்தால் எந்த வரி முறையில் இருக்கீங்கன்னு பாருங்க. பழைய முறையில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வரி விலக்குக்கான உச்ச வரம்பு சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கடலூருக்கு 40. புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது.

மெஸ்காரன்:
தம்பி, மாமா சொல்றதுல பாதிதான் சரி. சொந்த வீட்டுல இருக்கிறவன் வாடகையை எப்படி ஏத்துவான்? மனை விலைன்னா ஒத்துக்கறேன்.

நான் சென்னை காரப்பாக்கத்துல மெஸ் வெச்சிருந்தேன். ஊரடங்குல ஹாஸ்டல்லாம் காலி. வாடகை பாக்கியை அட்வான்ஸ்ல கழிச்சுட்டு, பாத்திரம் பண்டத்தை வண்டியில ஏத்தி ஊருக்கு வந்துட்டேன். சாப்பிட்ட பசங்கள்லயும் பல பேர் இந்தப் பக்கத்துக்காரங்கதான், அவங்களும் வந்தாங்க. ஆனா அம்மா சமையல் இருக்கும்போது எவன் மெஸ்ஸுக்கு வருவான்? அங்க என் கடையில விழுந்த காசு இங்க வேற பக்கம் போச்சு. இன்வெர்ட்டர் கடை, நெட் கனெக்ஷன் தர்ற கேபிள்காரர், மாடி எழுப்புற கொத்தனார், நகைச் சீட்டு. டீக்கடைக்குக்கூடப் பெருசா ஒண்ணும் இல்ல.

தொழில் வரியையும் பாரு. ஆபீஸ் எந்த ஊரோ அந்த உள்ளாட்சிக்குத்தான் கம்பெனி கட்டும். நீ குப்பை போடுறது கடலூர்ல, உன் வரி போறது சென்னை மாநகராட்சிக்கு. ஆளுக்கு வருஷம் 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுங்கிறது சட்டம். சின்னத் தொகைதான், ஆனா ஊர்ல உன்னை மாதிரி எத்தனை பேருன்னு கூட்டிப் பாரு.

லாஸ்பேட்டை_டெவ்:
புதுச்சேரியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப வீட்டுல இருந்தவங்களுக்குக் கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. ஆபீஸ்லயாவது ஜெனரேட்டர் இருந்துச்சு. அது எப்பவாவது வர்ற தொல்லை, விடுங்க. அனுபவம் உள்ளவங்க வீட்டிலிருந்தே நல்லாச் செய்றாங்க. காலேஜ் முடிச்சு வர்ற பிள்ளைகள்தான் தேங்கிப்போறாங்க. பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்துக் கத்துக்கறது வீடியோ காலில் வரலை. அதனால புதுசா சேர்ந்தவங்களையும் அவங்களுக்குச் சொல்லித் தர்றவங்களையும் மட்டும்தான் வரச் சொல்றேன். உங்க மேனேஜர்கிட்டக் கேளுங்க: அந்த மூணு நாள் யார் பக்கத்துல உட்காரப் போறீங்க?

மஞ்சக்குப்பத்தான்:
டீமில் பாதிப் பேர் புனே! அங்கே போயும் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் உட்காரணும். திங்கட்கிழமை இதையே கேட்கிறேன். மெஸ் அண்ணே, இப்போ கடை எங்கே?

மெஸ்காரன்:
திருப்பாப்புலியூர், பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஞாயித்துக்கிழமை லீவு.