சனிக்கிழமைக்கு இன்னொரு ஆள் வேணும்

குழு: நம்ம வீட்டுக் கூட்டம் (அரசியல் வேண்டாம்)
வியாழன், மாலை 6:52

அபி: எல்லாருக்கும் ஒரு அவசரம். சனிக்கிழமை ஸ்டேடியம் கச்சேரிக்கு நான் வாலண்டியரா போறேன்னு சொன்னேன்ல. எங்க டீம்ல ஒருத்தருக்குக் காய்ச்சல். இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குள்ள வேற ஒரு பேர் கொடுக்கணும். யாராவது வர்றீங்களா?

கார்த்தி: நான் நான் நான்

கார்த்தி: ஓசி டிக்கெட்டா??

அபி: டிக்கெட்டே கிடையாது. ஸ்டாஃப் வாசல். மதியம் ரெண்டு மணிக்கு அங்க நிக்கணும்.

கார்த்தி: அவங்க மேடை ஏறுறதே எட்டரைக்குதானே

அபி: அதான் சொல்றேன். வேலைன்னு

விஜி அண்ணி: சனிக்கிழமை ஏ.சி. ரிப்பேர் பண்ண ஆள் வராங்க. ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. சிலருக்கு ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன்

கார்த்தி: 🙈

சுகந்தி சித்தி: என்ன வேலை? கூட்டத்தைத் தள்ளிவிடறதா

அபி: இல்ல சித்தி, ஸ்டெம் செல் தானப் பதிவு. ரத்தப் புற்று மாதிரி நோய் வந்தவங்களுக்கு, மஜ்ஜையில ரத்தம் உண்டாக்கற செல்லைக் கொடுக்கத் தயாரா இருக்கிறவங்க பேரைச் சேர்க்கறது. இந்த டூர்ல ஒவ்வொரு ஊர்லயும் வாசலுக்குப் பக்கத்துல ஒரு மேஜை போட பேண்ட் இடம் கொடுத்திருக்கு. வர்றவங்ககிட்ட பேசணும். சரின்னா ஃபாரம். அப்புறம் பொருத்தம் பார்க்க பஞ்சுக்குச்சியால கன்னத்து உள்பக்கம் தேய்ச்சு எடுத்து கவர்ல போடணும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது.

வசந்தா: இவ என்கிட்ட "சும்மா ஒரு மேஜை"ன்னுதான் சொன்னா. ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவே?

அபி: அம்மா, வீட்லயே இருக்கோம். ஹாலுக்கு வந்து கேளு

பெரியப்பா: (1/4) அன்புள்ள அபிக்கும் மற்றவர்களுக்கும். இசைக் கச்சேரியும் தர்ம காரியமும் கைகோர்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1971 ஆகஸ்ட் 1 அன்று, பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்தினார். நுழைவுச்சீட்டு வசூல் சுமார் 2.43 லட்சம் டாலர் யுனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பின்னால் வந்த இசைத்தட்டுப் பணம் பல வருடம் அமெரிக்க வரித்துறையிடம் முடங்கிக் கிடந்தது. யுனிசெஃப்பைக் கச்சேரிக்கு முன்பே முறைப்படி சேர்த்துக்கொள்ளாததே காரணம். ஆகவே அபி, ரசீது யார் பெயரில் தருகிறார்கள் என்று முதலில் கேள்.

அபி: பெரியப்பா, நாங்க காசே வாங்கறதில்ல

பெரியப்பா: (3/4) காசு வாங்காத ஏற்பாட்டுக்கும் முன்னோடி உண்டு. தி அலார்ம் என்ற வேல்ஸ் நாட்டு ராக் குழுவின் பாடகர் மைக் பீட்டர்ஸ். 1995இல் அவருக்கு நிணநீர்ப் புற்று, 2005இல் ரத்தப் புற்று. 2007இல் லவ் ஹோப் ஸ்ட்ரென்த் என்ற அமைப்பைத் தொடங்கி, கச்சேரிக்கு வருகிறவர்களைத் தானப் பதிவில் சேர்க்க ஆரம்பித்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அதே ஆண்டு எவரெஸ்ட் அடிவாரம் போகும் வழியில், மூச்சு வாங்கும் உயரத்தில் நின்று பாடினார். 2024இல் அமெரிக்காவில் ஐம்பது கச்சேரிக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் நோய் தீவிரமாகத் திரும்பி, 2025 ஏப்ரலில் காலமானார்.

கார்த்தி: அப்பா 2/4 எங்க

சுகந்தி சித்தி: கேக்காதே. அனுப்பிடுவார்

விஜி அண்ணி: போன தடவை எல்லாரும் சேர்ந்தப்போ என் கறுப்பு சார்ஜர் யார் பையிலயோ போயிடுச்சு. தயவுசெஞ்சு பாருங்க

கார்த்தி: எல்லார் சார்ஜரும் கறுப்புதான்

விஜி அண்ணி: என்னோடதுல நெயில் பாலிஷ் புள்ளி இருக்கும்

கமலா பெரியம்மா: அபி கண்ணு மஜ்ஜை எடுத்தா முதுகெலும்பு போயிடும்னு என் ஃப்ரெண்டு சொல்றா. நீ கொடுக்கப்போறியா இல்ல வாங்கப்போறியா

அபி: பெரியம்மா, முதுகெலும்பைத் தொடவே மாட்டாங்க. பெரும்பாலும் ரத்தத்துல இருந்துதான் எடுக்கறாங்க. முன்னாடி நாலஞ்சு நாள் ஊசி போடுவாங்க, உடம்பு வலி இருக்கும். அப்புறம் ஒரு கையில இருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல் மட்டும் பிரிச்சுட்டு, இன்னொரு கை வழியா திரும்ப ஏறும். சில மணி நேரம் உட்கார்ந்திருக்கணும். சில பேருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்புல இருந்து எடுப்பாங்க. அதுவும் சில வாரத்துல ஊறிடும்.

கமலா பெரியம்மா: 🎤 குரல் செய்தி 1:12

கார்த்தி: அம்மா இதுல மிக்ஸி சத்தம் மட்டும்தான் வருது

மோகன் மாமா: நான் இந்தக் குரூப்லதான் இருக்கேன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்

கமலா பெரியம்மா: ஐயோ மோகன் நான் உன்னைச் சொல்லல

மோகன் மாமா: பரவாயில்ல அக்கா. அந்த ஃப்ரெண்டுகிட்ட சொல்லு, எனக்குக் கொடுத்தவன் முதுகெலும்பு நல்லாத்தான் இருக்கும்னு. 31 வயசு, ஆம்பளை. அவ்வளவுதான் எனக்குச் சொன்னாங்க. பேர் ஊர் எதுவும் கிடையாது.

வசந்தா: அவன் நல்லா இருக்கணும்

சுகந்தி சித்தி: கூடப்பொறந்தவங்கன்னா நாலுல ஒரு பங்கு வாய்ப்புன்னாங்க. நாங்க மூணு பேர் போனோம். மூணு பேருக்கும் பொருந்தல. நாலாவது ஆளுக்கு லீவு கிடைக்கல

சுகந்தி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: படிச்சுட்டோம் சித்தி

வசந்தா: சுகந்தி வேண்டாம்

பெரியப்பா: (4/4) 2005இல் யூ டூ குழுவின் வெர்டிகோ சுற்றுப்பயணத்தில் பாடகர் போனோ மேடையில் ரசிகர்களைக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வறுமை ஒழிப்புக்கான ஒன் இயக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் பெயர் அனுப்பக் கேட்டார். பணம் அல்ல, பெயர் மட்டும். இவர்கள் கேட்பதும் அதுதான். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

அபி: பெரியப்பா, அங்கதான் வித்தியாசமே. அது ஒரு மெசேஜோட முடிஞ்சுது. இது அங்கதான் ஆரம்பிக்குது.

அபி: நேத்து வீடியோ கால்ல பயிற்சி கொடுத்தாங்க. ஒருமணி நேரத்துல முக்கால்வாசி "எப்படி வேண்டாம்னு சொல்றது"ன்னுதான். பாட்டு கேக்க வர்றவங்க குஷியா இருப்பாங்க, நாலு நண்பர்கள் கூட இருப்பாங்க, ஒருத்தன் தேய்ச்சா நாலு பேரும் தேய்ப்பாங்க. அப்படிப் பேர் சேர்க்கறது ரொம்ப சுலபம். ரெண்டு வருஷமோ ஏழு வருஷமோ கழிச்சு "உங்க பொருத்தம் ஒருத்தருக்குத் தேவைப்படுது"ன்னு ஃபோன் வரும். பாதிப் பேர் அப்ப எடுக்கலைன்னா, அந்தப் பட்டியலைப் பார்த்து நம்பிக்கிட்டிருக்கிற நோயாளிக்கு என்ன பிரயோஜனம்? இன்னும் மோசம் என்னன்னா, கடைசி நேரத்துல பின்வாங்கறது. அதுக்குள்ள நோயாளியோட பழைய மஜ்ஜையைக் கீமோ கொடுத்து அழிச்சிருப்பாங்க. அப்புறம் திரும்பற வழியே இல்ல. அதனால குடிச்சிருக்கிறவங்ககிட்ட ஃபாரமே நீட்டக்கூடாது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னா கார்டு கொடுத்து அனுப்பிடணும். எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு எங்களுக்கு டார்கெட்டும் கிடையாது.

கார்த்தி: 👏

மோகன் மாமா: 🙏

கமலா பெரியம்மா: நல்ல பொண்ணு

விஜி அண்ணி: வயசு வரம்பு இருக்கா அபி? எங்க ரெண்டு பேருக்கும் முடியுமா?

அபி: ஒவ்வொரு பதிவகத்துக்கும் வேற அண்ணி. இங்கிலாந்துல ஆண்டனி நோலன்னு ஒண்ணு இருக்கு, 1974ல ஆரம்பிச்சது, உலகத்துலயே முதல் பதிவகம். அங்க 16ல இருந்து 30 வரைக்கும்தான் சேர்த்துக்கறாங்க. எங்க ஃபாரம்ல 18ல இருந்து 40. சின்ன வயசுக்காரங்க செல் நோயாளிக்கு நல்லா ஒத்துப்போகுதாம். நீங்க ரெண்டு பேரும் தாராளமா சேரலாம். நம்ம மாதிரி ஆளுங்க சேர்றது இன்னும் முக்கியம். அமெரிக்கப் பதிவகக் கணக்குப்படி முழுப் பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு வெள்ளைக்காரங்களுக்கு 79 சதவீதம், ஆசியக்காரங்களுக்கு 47தான். பட்டியல்ல நம்ம ஜனம் கம்மி.

கார்த்தி: அப்போ கச்சேரியைப் பார்க்கவே முடியாதா

அபி: அவங்க மேடை ஏறினதும் மேஜையை மூடிடலாம். கிட் எல்லாம் எண்ணி, கவர் ஒட்டி, பெட்டியில வெச்சு ஒப்படைச்ச பிறகு உள்ள போய் ஓரமா நிக்கலாம். முதல் ரெண்டு மூணு பாட்டு சுவர் வழியாத்தான் கேக்கும்

கார்த்தி: அந்த முதல் பாட்டுக்காகத்தான் எல்லாரும் போறதே 😭

வசந்தா: காதுக்குப் பஞ்சு எடுத்துக்கோ

மோகன் மாமா: அங்கதான் பஞ்சுக்குச்சி நிறைய இருக்குமே

பெரியப்பா: (2/4) இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்பு அமைப்பின் தொண்டர்கள் 1993 முதல் பணிபுரிகிறார்கள். அவர்கள் முன்பணம் கட்டவேண்டும். ஒப்புக்கொண்ட நேரம் முழுதும் வேலை செய்தால் அது திரும்பக் கிடைக்கும். விழா நடத்துபவர்கள் அந்த உழைப்புக்குத் தரும் தொகை ஆக்ஸ்ஃபாமுக்குப் போகும். பாட்டு கேட்டுவிட்டு நழுவுகிறவர்களைப் பிடித்து வைக்க நல்ல ஏற்பாடு.

சுகந்தி சித்தி: அத்தான், இந்த முன்பணம் முறையை நம்ம வீட்ல முன்னாடியே கொண்டுவந்திருக்கணும்

கார்த்தி: 😶

விஜி அண்ணி: சார்ஜர்???

இரவு 9:21

சேகர் மாமா: எல்லாம் படிச்சேன். அபி, மேஜையில நிக்கறதுக்கும் வயசு வரம்பு இருக்கா?

அபி: பதிவுக்குத்தான் மாமா. நிக்கறதுக்கு 18 ஆனா போதும்

சேகர் மாமா: எனக்கு 52

கார்த்தி: ஆயிடுச்சு மாமா 😄

சுகந்தி சித்தி: கச்சேரி ஓசின்னு யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க

சேகர் மாமா: அந்த பேண்ட் பேரே எனக்குத் தெரியாது சுகந்தி

கார்த்தி: மாமா அதை அங்க வாசல்ல சொல்லிடாதீங்க

வசந்தா: சேகர் வந்தா எனக்கு நிம்மதி. ராத்திரி அபியை வண்டியில கொண்டுவந்து விட்டுடுவான்

சுகந்தி சித்தி: வந்தா

மோகன் மாமா: சேகர், ரெண்டு மணின்னா ரெண்டு மணி.

சேகர் மாமா: ரெண்டரைக்கு வந்தா உள்ள விடுவாங்களா?

மோகன் மாமா: 😂😂😂

அபி: மாமா, ரெண்டு மணிக்கு எல்லாரையும் சேர்த்துதான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க. அடையாள அட்டை காட்டி கையில பட்டை கட்டிவிடுவாங்க. அப்புறம் அந்தக் கதவு திறக்காது. லேட்டா வந்தா வெளியதான்.

சேகர் மாமா: சனிக்கிழமை காலையில ஒரு மீட்டிங் இருக்கு. முடியுமான்னு கேட்டுட்டுச் சொல்றேன். பத்து மணி வரைக்கும் டைம் இருக்குல்ல

சுகந்தி சித்தி: ஆமா. மீட்டிங்

வசந்தா: சுகந்தி

சுகந்தி சித்தி: நான் ஒண்ணும் சொல்லலியே. மீட்டிங்னு அவர் சொன்னதைத்தானே சொன்னேன்

மோகன் மாமா: நானே நின்னா என்ன? என்னைவிட நல்ல விளம்பரம் அவங்களுக்குக் கிடைக்குமா

வசந்தா: அவ்வளவு கூட்டத்துல உனக்கு எதுக்கு. டாக்டர் என்ன சொன்னார்

மோகன் மாமா: டாக்டர் கூட்டத்தைச் சொல்லல, உன்னைப் பத்திச் சொன்னார். ரொம்பக் கவலைப்படக் கூடாதாம்

கமலா பெரியம்மா: மோகன் வேண்டாம் கண்ணா. சேகரே போகட்டும். இல்லன்னா உங்க அத்தானை அனுப்பறேன்

கார்த்தி: அப்பாவையா?! ஒருத்தர்கிட்ட பேசி முடிக்கறதுக்குள்ள கச்சேரியே முடிஞ்சுடும்

பெரியப்பா: நான் சுருக்கமாகவும் பேசுவேன்.

விஜி அண்ணி: 😂😂

கார்த்தி: அபி என் பேரைப் போடு. ஏ.சி.யை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தறேன்

விஜி அண்ணி: மாத்தறதுன்னா யார் ஃபோன் பண்றது? நானா?

கார்த்தி: நானே பண்றேன்

விஜி அண்ணி: போன தடவையும் இதேதான்

இரவு 9:54

அபி: சேகர் மாமா?

அபி: மாமா ஆறு நிமிஷம்தான் இருக்கு

சேகர் மாமா: போடு. மீட்டிங்கை நான் பாத்துக்கறேன். எப்படியும் வரப் பாக்கறேன்

அபி: "வரப் பாக்கறேன்"னு ஃபாரம்ல கட்டம் இல்ல மாமா

சேகர் மாமா: வரேன்

அபி: சரி. சேகர் மாமா பேரை மெயின் லிஸ்ட்ல போட்டிருக்கேன். கார்த்தியை ரிசர்வ்ல. நாளைக்கு மதியம் ஒருங்கிணைப்பாளர் நேரடியா ஃபோன் பண்ணி உறுதி கேப்பாங்க, தெரியாத நம்பர்ல இருந்து வரும். ரெண்டு பேரும் எடுங்க.

கார்த்தி: 👍

கமலா பெரியம்மா: 🎤 குரல் செய்தி 0:38

சுகந்தி சித்தி: சேகர் அண்ணா ஃபோனை சைலண்ட்ல இருந்து எடு. இப்பவே

விஜி அண்ணி: கார்த்தி ரிசர்வ்னா ஏ.சி. ஆளுக்கு சனிக்கிழமை வரச்சொல்றதா வேண்டாமா? யாராவது ஒரு முடிவு சொல்லுங்க